விருப்ப விடுப்பு: விமானிகள் சங்கம் நிர்வாகத்துடன் பேசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 மே மாதம் சம்பளம் இல்லாமல் லீவு எடுத்துக்கொள்ள யாராவது தயாரா என்று யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளிடம் கேட்டது. பயணிகள் குறையவில்லை. கோடை சீசன் வாசலில் நின்றது. ஆனால் வர வேண்டிய போயிங் விமானங்கள் வந்து சேரவில்லை. அந்த ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவுத் துளையை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு போயிங்கின் டெலிவரி கணக்கெல்லாம் தள்ளிப்போனது. ஓட்ட ஆள் எடுத்து வைத்தாயிற்று, ஓட்டத்தான் விமானம் இல்லை.

விருப்ப விடுப்பு என்றதும் பலருக்கு கொரோனா ஆண்டுதான் நினைவுக்கு வரும். உண்மையில் எரிபொருள் விலை, எஞ்சின் பழுது, டெலிவரி தாமதம், நிறுவன இணைப்பு என்று எது வந்தாலும் நிர்வாகம் முதலில் திறக்கும் கதவு இது. சங்கத்துக்கும் இது நல்ல கதவுதான், கட்டாய ஆட்குறைப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அவசரத்தில் போடும் விடுப்பு ஒப்பந்தங்களில் வீட்டுக்குப் போகும் பகுதி விரிவாக இருக்கும், திரும்பி வரும் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். பின்னால் சண்டை வருவது அந்த இரண்டு வரியில்தான். இந்த வழிகாட்டியை அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். உதாரணங்கள் அமெரிக்காவிலிருந்து. அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது, 2020-ல் எல்லாப் பெரிய நிறுவனங்களும் ஒரே பரீட்சையை ஒரே நேரத்தில் எழுதின.

படி 1: யாருக்கு என்ன அதிகாரம் என்று முதலில் பாருங்கள்

அமெரிக்க விமானிகளின் தொழிலுறவு 1926-ல் ரயில்வேக்காக இயற்றப்பட்ட ரயில்வே லேபர் ஆக்ட்டின் கீழ் வருகிறது. 1936-ல் அதை விமான நிறுவனங்களுக்கும் நீட்டினார்கள். இந்தச் சட்டத்தில் கூட்டு ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. ஒரு தேதிக்குப் பிறகு ‘திருத்தத்துக்கு உரியது’ ஆகும், புதியது கையெழுத்தாகும்வரை பழையதே நடக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு விடுப்புத் திட்டம் நிர்வாகத்துக்கு வேண்டும் என்றால், அவர்கள்தான் சங்கத்திடம் வந்து கேட்க வேண்டும். சங்கத்தின் கையில் இருக்கும் முதல் துருப்புச்சீட்டு இது.

இரண்டாவது துருப்பு, தனி ஆளிடம் பேரம் பேச முடியாது என்பது. கூட்டு ஒப்பந்தம் இருக்கும்போது ஊழியர்களிடம் தனித்தனியாகப் பேசி அதை மாற்ற முடியாது என்று 1944-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயில்வே எக்ஸ்பிரஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சீஃப் பைலட் உங்கள் தோளில் கை போட்டு, “நீங்க ஆறு மாசம் போயிட்டு வாங்க கேப்டன், நான் பாத்துக்கறேன்” என்றால், அது வாயால் சுடும் வடை.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தின் விடுப்பு அத்தியாயத்தைத் திறந்து, ‘நிறுவனம் விரும்பினால் தனிப்பட்ட விடுப்பு வழங்கலாம்’ என்பது போன்ற வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பலம் பாதியாகக் குறைகிறது. ஏனென்றால் அந்த வரியைக் காட்டி நிர்வாகம் தானே திட்டத்தை அறிவித்துவிடலாம். நீங்கள் செய்யக்கூடியது, அது வரம்பு மீறியது என்று புகார் எழுப்பி நடுவர் மன்றத்துக்குப் போவது. அதற்கு மாதக்கணக்காகும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2020 ஜூலையில் ஏர் இந்தியா ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள்வரை சம்பளமில்லா விடுப்புத் திட்டத்தை அறிவித்தபோது, விருப்பப்பட்டவர்கள் போகலாம் என்பதோடு நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்ற அதிகாரமும் அதே உத்தரவில் இருந்தது. இந்தியன் பைலட்ஸ் கில்டும் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷனும் எதிர்த்தது அந்த இரண்டாவது பகுதியைத்தான். ‘விருப்பம்’ என்று தலைப்பிட்ட தாளில் ‘கட்டாயம்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எந்த நாட்டுச் சங்கத்துக்கும் முதல் வேலை.

படி 2: எத்தனை பேர் அதிகம், எந்த இருக்கையில்?

“நமக்கு 800 விமானிகள் அதிகமாக இருக்கிறார்கள்” என்று நிர்வாகம் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எந்த விமான வகை, எந்த பேஸ் (விமானி பணியைத் தொடங்கும் ஊர்), கேப்டனா ஃபர்ஸ்ட் ஆபிசரா (துணை விமானி), எந்த மாதம்? இந்த நான்கும் இல்லாமல் பேச உட்காராதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டாவது அடுத்த பன்னிரண்டு மாதப் பறப்பு நேரத் திட்டத்தை வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஆட்குறைப்பு எப்போதும் பணிமூப்புப் பட்டியலின் அடியிலிருந்து நடக்கும். ஆனால் அதிகப்படியான ஆள் பட்டியலின் மேலே இருக்கலாம். 2020-ல் முதலில் படுத்தது சர்வதேசப் பறப்பு, அதாவது பெரிய விமானங்கள். அவற்றை ஓட்டுபவர்கள் மூத்தவர்கள். அடியில் இருக்கும் ஒரு 737 ஃபர்ஸ்ட் ஆபிசரை வீட்டுக்கு அனுப்பினால், 777 கேப்டன் 737 கேப்டனாக இறங்க வேண்டும். அவர் தள்ளிய 737 கேப்டன் ஃபர்ஸ்ட் ஆபிசர் இருக்கைக்கு வர வேண்டும். இறங்கும் ஒவ்வொருவருக்கும் சிமுலேட்டர் பயிற்சி, பயிற்றுநர், அது முடியும்வரை சம்பளம். ஒரு ஆளை வெளியே அனுப்ப மூன்று நான்கு பேருக்குப் பயிற்சி. தேவை திரும்பினால் இதே ஏணியில் எல்லோரையும் மறுபடி மேலே ஏற்ற வேண்டும்.

நிர்வாகத்தின் நிதித்துறை ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், இந்தச் சங்கிலிக் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். சங்கத்தின் கையில் இருக்க வேண்டிய முதல் தாள் இது. எந்த இருக்கையில் ஆள் அதிகமோ அந்த இருக்கையிலேயே ஒருவர் விருப்பப்பட்டு விடுப்பில் போனால், பயிற்சிச் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத்தான் விடுப்புச் சம்பளமாகக் கேட்கிறீர்கள். யாசகம் கேட்பதாக நினைத்துக் கூச வேண்டியதில்லை.

படி 3: பணக்கணக்கு

விமானிக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்கு. கூடவே, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்ற உத்தரவாதம் இருக்கும். அமெரிக்க நிறுவனங்களில் அது பெரும்பாலும் 70 மணியை ஒட்டியிருக்கும். விடுப்புச் சம்பளத்தையும் மணியில்தான் பேசுவார்கள். 2020-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகள் சங்கமான ஏபிஏவுடன் பேசி, 62 வயது கடந்தவர்கள் ஓய்வு வயதான 65 வரை மாதம் 50 மணிச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவருக்கு மணிக்கு 200 டாலர். நல்ல காலத்தில் மாதம் 80 மணி பறந்து 16,000 வாங்குகிறார். நிர்வாகம் 55 மணி தருகிறேன் என்கிறது: 11,000. மாதம் 5,000 நஷ்டம் என்று அவர் மனைவி சொல்வார், சரிதான். ஆனால் மந்த காலத்தில் 80 மணி யாருக்கும் கிடைக்காது. அவர் ஒப்பிட வேண்டியது 70 மணி உத்தரவாதத்தை: 14,000. வித்தியாசம் 3,000. அவர் வேறு ஊரிலிருந்து பேஸுக்கு வந்துபோகிறவர் என்றால் வாடகை அறை, ஓட்டல், சாப்பாடு என்று அதில் ஒரு பகுதி திரும்பிவிடும். குழந்தை பிறக்கப்போகிறது என்றால் கணக்கே வேறு.

இப்போது மறுபக்கம். நிறுவனம் ஓய்வூதியக் கணக்கில் சம்பளத்தின் 16 சதவீதம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14,000-க்கு 2,240, 11,000-க்கு 1,760. ஆக, ஒரு விமானி விடுப்பில் போனால் நிறுவனத்துக்கு மாதம் 3,480 டாலர் மிச்சம். ‘விடுப்புக் காலத்தில் ஓய்வூதியப் பங்களிப்பு இல்லை’ என்று ஒரு வரி நுழைந்தால் மிச்சம் 5,240 ஆகிவிடும். மணி எண்ணிக்கைக்காக இரவெல்லாம் சண்டை போட்டுவிட்டு, விடிகாலை நான்கு மணிக்கு இந்த வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம்.

சம்பளமே இல்லாத விடுப்பு என்றால் மருத்துவக் காப்பீடுதான் முழுப் பேச்சும். அமெரிக்காவில் நிறுவனக் காப்பீடு நின்றால் குடும்பம் நடுத்தெருவில். வேலையில் இருப்பவர் கட்டும் அதே தொகைக்கு விடுப்பில் இருப்பவருக்கும் காப்பீடு தொடர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வேலையின்மை உதவித்தொகையையும் விசாரித்துவிடுங்கள். கட்டாயமாக அனுப்பப்பட்டவருக்குக் கிடைப்பது, தானாகப் போனவருக்குக் கிடைக்காமல் போகலாம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

படி 4: பணிமூப்பு என்ற நெருப்பு

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பார்கள். பணிமூப்புப் பட்டியல் அப்படியே இயங்குகிறது. நல்லது எதுவானாலும் மேலிருந்து, கெட்டது எதுவானாலும் அடியிலிருந்து. ஆகவே சம்பளத்தோடு விடுப்பு என்றால் மூத்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள், சம்பளமில்லா விடுப்பு என்றால் அந்த வரிசை காற்றாடும்.

நிர்வாகத்துக்கு வேண்டியது குறிப்பிட்ட இருக்கையில் ஆள் குறைய வேண்டும். சங்கத்துக்கு வேண்டியது யாரும் யாரையும் தாண்டக் கூடாது. இரண்டும் எப்படி மோதுகின்றன என்று ஒரு சின்னப் பட்டியலில் பாருங்கள். மூன்று விடுப்பு இடங்கள், ஐந்து விண்ணப்பங்கள் (எண் என்பது பணிமூப்பு வரிசை, சிறிய எண் என்றால் மூத்தவர்):

- எண் 812, 777 கேப்டன்
- எண் 3140, ஏ320 கேப்டன்
- எண் 5260, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபிசர்
- எண் 6905, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபிசர்
- எண் 7410, 737 ஃபர்ஸ்ட் ஆபிசர்

பணிமூப்பு மட்டும் என்றால் 812, 3140, 5260 மூவருக்கும் விடுப்பு. ஆனால் ஆள் அதிகம் இருப்பது 777 கேப்டன் இருக்கையில் ஒன்று, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபிசர் இருக்கையில் இரண்டு என்றால்? 3140 போனால் ஏ320 கேப்டன் இருக்கை காலியாகும், அதை நிரப்ப இன்னொருவருக்குப் பயிற்சி. நிர்வாகம் 812, 5260, 6905 என்று கேட்கும். வழக்கமாக எட்டப்படும் சமரசம், இருக்கை வாரியாக இத்தனை இடம், அதற்குள் பணிமூப்பு. நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் 3140-ஐத் தாண்டி 6905-க்குக் கிடைத்ததை 3140 ஒருநாளும் மறக்க மாட்டார். அவருக்கு எழுதிவைக்க வேண்டியது: இருக்கைக்கான இடங்களை விண்ணப்பம் திறக்கும் முன்பே அறிவிக்க வேண்டும், திறந்த பிறகு நிர்வாகம் எண்ணைக் குறைக்கக் கூடாது, பிறகு புதிய இடம் சேர்த்தால் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களிடமிருந்தே நிரப்ப வேண்டும்.

சட்டப்படி சங்கம் எல்லோருக்கும் பிரதிநிதி, மூத்தவர்களுக்கு மட்டும் அல்ல. கான்டினென்டல் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தத்தை முடித்த ஒப்பந்தம் தங்களை வஞ்சித்துவிட்டது என்று சில விமானிகள், விமானிகள் சங்கமான ஆல்பா மீதே வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. பின்னாளில் மோசமாகத் தெரிகிற ஒப்பந்தமெல்லாம் துரோகம் ஆகிவிடாது, முற்றிலும் அறிவுக்கு ஒவ்வாததாகவோ பாகுபாட்டோடோ கெட்ட எண்ணத்தோடோ செய்திருந்தால்தான் குற்றம் என்றது. அதனால்தான் கூட்டக் குறிப்புகளை ஒழுங்காக எழுதி வையுங்கள் என்கிறேன். ஏன் இந்த முடிவு எடுத்தோம் என்று அன்றைக்கே எழுதிய தாள், பிறகு சொல்லும் ஆயிரம் விளக்கத்துக்குச் சமம்.

படி 5: பதிலுக்கு என்ன கேட்பது

விடுப்பு நிர்வாகத்துக்குப் பணத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு ஈடாகக் கட்டாய ஆட்குறைப்பு கிடையாது என்ற வாக்குறுதியைத் தேதியோடு வாங்குங்கள்.

2020-ல் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஏப்ரல் 14 அன்று அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தவர்கள் 87,534 பேர். முந்தைய ஆண்டு அதே நாளில் சுமார் 22 லட்சம். அரசு பயணிகள் விமான நிறுவனங்களுக்குச் சம்பள உதவியாக 2,500 கோடி டாலர் ஒதுக்கி, செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயமாக வெளியே அனுப்பக் கூடாது என்றது. அக்டோபர் 1-ஐ எல்லோரும் பயத்தோடு எதிர்பார்த்தார்கள். ஆகஸ்டில் டெல்டா 1,941 விமானிகளையும், யுனைடெட் 2,850 பேரையும், அமெரிக்கன் சுமார் 1,600 பேரையும் அனுப்பப்போவதாகச் சொல்லின.

டெல்டாவில் நடந்ததைக் கவனியுங்கள். 1,800-க்கும் மேற்பட்ட விமானிகள் விருப்ப ஓய்வில் போனார்கள். அதற்கு மேலும், உத்தரவாத மணியில் 15 சதவீதம் குறைத்தால் யாரையும் அனுப்ப மாட்டோம் என்றது நிர்வாகம். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நவம்பரில் முடிந்த ஒப்பந்தத்தில் குறைப்பு அதிகபட்சம் 5 சதவீதம், 2022 ஜனவரி வரை ஆட்குறைப்பு இல்லை. 15 எப்படி 5 ஆனது? காத்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் அவ்வளவு பேர் தாங்களாகவே வெளியேறியிருந்ததால், பாக்கி இருந்த பிரச்சினையின் அளவே சுருங்கிவிட்டிருந்தது என்பது இன்னொன்று. விருப்பப்பட்டுப் போனவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களின் பேரம்பேசும் பலம்.

யுனைடெட்டில் செப்டம்பர் கடைசியில் 58 சதவீத வாக்கில் ஒரு ஒப்பந்தம் தேறியது. இருக்கும் பறப்பு நேரத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டு 2,850 பேரையும் காப்பாற்றுவது. விமானிகளைப் பயிற்சியோடு இருக்கையிலேயே வைத்திருந்தால் தேவை திரும்பும்போது உடனே பறக்கலாம் என்பதுதான் அதன் மையம். 42 சதவீதம் பேர் வேண்டாம் என்றதையும் மறக்க வேண்டாம். தன் சம்பளம் குறைந்து இன்னொருவர் வேலை நிலைப்பது சங்க மேடையில் கேட்க இனிக்கும், வாக்குச்சீட்டில் அவ்வளவு இனிக்காது.

படி 6: திரும்பி வரும் வழி

இனி சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். 2020-ல் அங்கே விமானிகளுக்கு ஐந்து ஆண்டுகள்வரை நீண்ட விடுப்பு, பாதியை ஒட்டிய சம்பளம், காப்பீடு தந்தார்கள். திட்டம் வெற்றி. கட்டாய ஆட்குறைப்பு ஒன்றுகூட இல்லாமல் 2020-ஐக் கடந்தார்கள். ஆனால் 2021 மார்ச்சிலேயே 209 விமானிகளைத் திரும்ப அழைத்தது நிறுவனம். ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்டு வீடு மாறியவர், படிக்கச் சேர்ந்தவர், கடை போட்டவர் யாரானாலும் திரும்ப அழைக்கும் அதிகாரம் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர் வாழ்க்கை.

நிர்வாகம் கொண்டுவரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“செயல்பாட்டுத் தேவை கருதி நிறுவனம் விடுப்பை எந்நேரமும் ரத்து செய்யலாம்.”

சங்கம் திருப்பித் தர வேண்டியது:

“விடுப்பை முன்கூட்டியே முடிக்க நிறுவனம் 60 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும். முதலில் அதே இருக்கையில் தாமாகத் திரும்ப விரும்புவோர், பணிமூப்பு வரிசையில். போதாவிட்டால் மற்றவர்கள், பணிமூப்பின் தலைகீழ் வரிசையில். முதல் மூன்று மாதத்துக்குள் யாரையும் அழைக்கக் கூடாது. விடுப்பில் ஒருவர் இருக்கும்வரை அந்த இருக்கையில் புதிதாக ஆள் எடுப்பதோ பதவி உயர்வு தருவதோ கூடாது.”

கடைசி வாக்கியம் அடிபடும், அதற்கு மாற்று தயாராக வைத்திருங்கள். எல்லாம் போனாலும், அழைப்பின் வரிசை மட்டும் போகக் கூடாது.

விமானியே சீக்கிரம் திரும்ப விரும்பினால்? மனைவியின் வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவும் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். நிர்வாகம் ரோஸ்டர் (பணி அட்டவணை) போட்டு முடித்த மாதத்தைத் தவிர்த்து, அதற்கடுத்த மாதம் முதல் திரும்பலாம் என்றால் இருவருக்கும் நியாயம்.

சின்ன விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு புகார்க் கோப்பு ஆகக்கூடியவை: விடுப்புக் காலத்தில் பணிமூப்பும் சம்பள உயர்வுக்கான பணி ஆண்டும் ஓட வேண்டும். இலவசப் பயணமும் காக்பிட் ஜம்ப்சீட்டும் (காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கை) தொடர வேண்டும். விடுப்பிலிருந்தே புதிய இருக்கைக்கு விண்ணப்பிக்க முடிய வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஆண்டு கழித்து வருபவர் தன் ஜூனியர்கள் எல்லாம் கேப்டனாகியிருப்பதைப் பார்ப்பார். வேறு வேலை செய்யலாமா, இன்னொரு நிறுவனத்துக்கு விமானம் ஓட்டலாமா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். இந்த வரி இல்லாததால் வரும் சங்கடம் எல்லோருக்கும் தர்மசங்கடம்.

படி 7: வாக்கெடுப்பும் மொழியும்

இடைக்காலத் துணை ஒப்பந்தம் என்றால் பிரதிநிதிகள் சபையே ஒப்புதல் தரலாமா, உறுப்பினர் அனைவரும் வாக்களிக்க வேண்டுமா என்பது உங்கள் சங்க விதியில் இருக்கும். சந்தேகம் இருந்தால் உறுப்பினர்களிடம் போங்கள். முடிவுத் தேதியைத் தாளின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அந்தத் தேதிக்குப் பின் பழைய ஒப்பந்த வரிகள் தானாக மீளும் என்றும், இது முன்னுதாரணம் ஆகாது என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பெரிய பேச்சில் ‘ஏற்கெனவே ஒத்துக்கொண்டதுதானே’ என்று இதே தாள் உங்கள் முன் வந்து விழும்.

உறுப்பினர்களுக்கு விளக்கும்போது மூன்று சாம்பிள் ஆட்களை வைத்து விளக்குங்கள்: 63 வயது கேப்டன், இரண்டு குழந்தை இருக்கும் நடுத்தர ஃபர்ஸ்ட் ஆபிசர், போன வருடம் சேர்ந்த பையன். ஒவ்வொருவர் கைக்கும் மாதம் எவ்வளவு வரும், எப்போது திரும்பலாம். சட்ட வாசகத்தைப் பத்து பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், வாட்ஸ்அப் வதந்தியைத்தான் படிப்பார்கள்.

படி 8: கையெழுத்துக்குப் பிறகு

விடுப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த அன்றே வரிக்கு வரி சரிபார்க்க இரண்டு பேரை உட்கார வையுங்கள். தவறை முதல் வாரத்தில் திருத்துவது ஒரு போன் காலில் முடியும். விடுப்பு தொடங்கிவிட்டால் நடுவர் மன்றம்தான்.

திரும்பும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். அமெரிக்க விதிப்படி பயணிகளோடு பறக்க, முந்தைய 90 நாளில் அந்த விமான வகையில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் இருக்க வேண்டும். ஆறு மாத விடுப்பில் போன எல்லோருக்கும் இது போயிருக்கும். கேப்டனுக்கு வேண்டிய முதல் நிலை மருத்துவச் சான்று 40 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதுவும் போயிருக்கும். நூறு பேர் ஒரே மாதம் திரும்பினால் சிமுலேட்டருக்கு வரிசை கட்ட வேண்டும். அதிகாலை இரண்டு மணி ஸ்லாட்கூடக் கிடைக்காமல் சிலர் வாரக்கணக்கில் வீட்டிலேயே காத்திருப்பார்கள். அந்த வாரங்களுக்கு யார் சம்பளம் தருவது? ‘பயிற்சி முடிந்த நாளிலிருந்து’ என்று இருந்தால் தாமதத்தின் விலையை விமானி கட்டுகிறார். ‘அழைப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து முழு உத்தரவாத மணி’ என்று இருந்தால் நிறுவனம் கட்டும். அப்போது சிமுலேட்டர் ஸ்லாட் எப்படியோ கிடைத்துவிடும்.